மரத்துக்கு நாலு இலை

வடிவம்மாளை நான் முதலில் பார்த்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள். மற்றப் பத்தொன்பது பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, வடகால் வாய்க்காலின் கரையை ஒட்டிய சிற்றூர். தொண்ணூற்றேழாம் வருஷம் சித்திரை மாதத்து வியாழக்கிழமை சாயங்காலம். மகளிர் சங்கங்களுக்குக் கணக்கும் தீர்மானமும் எழுதிக் கொடுக்கும் வேலை கிடைத்து எனக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பெயருக்குப் பின்னால் பி.காம். என்று எழுத இடம் கிடைத்தால் விடமாட்டேன்; அன்றைய தீர்மான நோட்டிலும் எழுதியிருக்கிறேன்.

"உக்காருங்கக்கா," என்றேன்.

"உக்காந்தா காலு மரத்துப் போவும் தம்பி. நீங்க எழுதுங்க."

அவள் கையில் ஒரு வாழைநார் இருந்தது. அதை முடிந்தாள், அவிழ்த்தாள், மறுபடி முடிந்தாள். நார் இற்றுப் போனதும் இடுப்பிலிருந்து இன்னொன்றை உருவினாள். கூட்டம் முடிந்தபோது அவள் காலடியில் சின்னச் சின்ன முடிச்சுகளாக ஒரு குவியல் கிடந்தது. அந்தக் கைகளைப் பற்றித்தான் இந்தக் கதை. பின்னால் அவளும் மற்றவர்களும் சொன்னதையும், பக்கத்தில் நின்று நானே பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

அன்றைக்குக் கடன் கேட்கும் முறை வந்தது. ஒருத்தி வெள்ளாடு என்றாள். ஒருத்தி இட்லிக்கடைக்குப் பாத்திரம் என்றாள். வடிவம்மாள், "இலை," என்றாள்.

"என்னது?"

"வாழையில. இலைக் குத்தக எடுக்கப் போறேன். ரெண்டாயிரம் வேணும்."

கூட்டம் சிரித்தது. "ஊரு முச்சூடும் வாழை நிக்கி. இவ துட்டு குடுத்து இலை வாங்கப் போறாளாம்," என்று ஒரு குரல். "கோட்டிக்காரி," என்று இன்னொன்று.

சங்கத் தலைவி பாக்கியம் சிரிக்கவில்லை. தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருப்பவர். கடன் சொன்னால் காது கேட்காது என்று பெயர் எடுத்தவர். "சிரிக்கதுக்கா கூட்டம் போட்டோம்?" என்றார். "ஏளா வடிவு, ரெண்டாயிரம் போச்சின்னா அது ஒன் துட்டு மட்டும் இல்ல பாத்துக்க. வாரம் பத்து பத்து ரூவாயா இருவது பேரு வயித்தக் கட்டிச் சேத்தது. ஆவணியில பேங்குக்காரவ வந்து நோட்டப் பாப்பாவ. ஒருத்தி தவண முறிஞ்சாலும் சங்கத்துக்கே பேங்குக் கடன் கெடையாது. தெரியும்லா?"

"தெரியும் மைனி."

"அப்ப உக்காந்து வெவரத்தச் சொல்லு."

"நின்னே சொல்லுதேன்," என்றாள் வடிவம்மாள். "பதினெட்டு வருசமா அசன் மைதீன் மொதலாளி கடைக்கு இலை அறுத்துக் கட்டுதேன். இருநூறு இலை ஒரு கட்டு. கட்டுக்கு எனக்கு மூணு ரூவா. முகூர்த்தத்துல அதே கட்டு நூத்தம்பதுக்குப் போவுது. எந் தலையிலதான் சொமந்து லாரியில ஏத்துதேன். ஒரு தடவ எம் பேருல ஏத்திப் பாக்கணும். அம்புட்டுதான்."

சிரிப்பு நின்றது. பாக்கியம் என்னைப் பார்த்து, "எழுதும்," என்றார். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி, பத்துத் தவணை. எழுதினேன்.

அவளுக்கு அப்போது வயது முப்பத்தாறு. பதினெட்டு வருஷமும் அவள் வாழைக்குள் நடந்ததில்லை, ஓடியிருக்கிறாள். எவ்வளவு கட்டு கட்டுகிறாளோ அவ்வளவுதான் கூலி. அடுத்த மரத்தில் கண் இருக்கும்போதே இந்த மரத்து இலை கீழே விழுந்திருக்கும். வீட்டில் சோறு பொங்கும்போதும் அவள் கை அடுப்பு ஓரத்துச் சுள்ளிகளை இருபது இருபதாக அடுக்கிக்கொண்டிருக்கும். அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் அவள் புருஷன் பாபநாசம், "இவ தூங்கும்போது பக்கத்துல படுத்தா என்னயும் கட்டிப்போட்டு லாரியில ஏத்திருவா," என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவள் பார்த்து வைத்திருந்த வயல் சங்கரசுப்பிரமணியன் வாத்தியாருடையது. பாட்டனார் காலத்தில் எட்டுக் கோட்டை விதைப்பாடு நிலம் இருந்த குடும்பம். ஓய்வுபெற்ற வாத்தியார் கையில் மிஞ்சியது நாற்பது சென்ட் வாழையும் ஒரு குடையும். நானூறு மரம். வைகாசி முதல் ஐப்பசி முடிய ஆறு மாதத்துக்கு இலை அறுத்துக்கொள்ளக் குத்தகை மூவாயிரம். முன்பணம் இரண்டாயிரம், மீதி ஒரு மாதத்தில். குலை வாத்தியாருக்கு.

"ஒண்ணு சொல்லிருதேன்," என்றார் வாத்தியார். "மரத்துக்கு நாலு இலை நிக்கணும். எப்ப எண்ணுனாலும் நிக்கணும். இலை இல்லாத மரம் போடுத குலை சூம்பிப் போவும். நாலுன்னா நாலு. மூணேமுக்கால் இல்ல."

"சரிங்கய்யா."

"கொறஞ்சா குத்தக முறிஞ்சுது. குடுத்த பணம் திரும்பாது. பத்திரத்துல எழுதியிருக்கேன். வாசிக்கட்டுமா?"

"நீங்க சொன்னாலே எழுதுன மாரிதான்."

வைகாசி முதல் தேதி வெள்ளி முளைக்கையில் வயலில் இறங்கினாள். பக்கத்து வயலில் வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்கு வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்: துரட்டி மேலே போவதும் இலை விழுவதும் ஒரே மூச்சு. தலையிலை, அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது. கீழிலைகளையும் விடவில்லை; ஓட்டல்காரர்களுக்கு ஏடாகக் கிழித்துப் போடலாம். உச்சி வெயிலுக்குள் ஆறு கட்டு. அசன் மைதீன் கட்டு நூற்றைம்பதுக்கு எடுத்துக்கொண்டு, "தொழில் ஒனக்கா தெரியாது," என்று துட்டை எண்ணிக் கொடுத்தார். ஆறு நாள் கழித்து நாலு கட்டு. இன்னும் ஆறு நாளில் மூன்று. வாத்தியாருக்குக் கொடுக்க வேண்டிய ஆயிரத்தைக் கொடுத்தாள். சங்கத்துக்கு இரண்டு தவணையைச் சேர்த்துக் கட்டினாள். சிரித்த பெண்கள் அவளுக்கு உட்கார இடம் விட்டார்கள். அவள் உட்காரவில்லை.

இரண்டு வாரம் விட்டு, நாலாவது தடவை துரட்டியோடு போனபோது வாத்தியார் வரப்பில் நின்றிருந்தார். குடையை மடக்கி, அதன் கம்பியால் மரம் மரமாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"இங்க வா. இது எத்தன?"

"ரெண்டு."

"இது?"

"ஒண்ணு."

"இதுல?"

குருத்து மட்டும் பச்சைக் கம்பாக நின்றது. வடிவம்மாள் நிமிர்ந்து வயலைப் பார்த்தாள். நானூறு மரமும் மொட்டைக் கழிகளாக நின்றன. இத்தனை நாளும் அவள் பார்த்ததெல்லாம் கட்டுகளைத்தான். மரத்தைப் பார்த்த ஞாபகமே அவளுக்கு இல்லை. இன்னொருவர் வயலில் மொட்டையடித்துவிட்டு அடுத்த வயலுக்கு ஓடிப் பழகிய கை, தன் குத்தகை வயலிலும் அதையே செய்திருந்தது. அடுத்த வாரமும் இதே மரத்திடம்தான் வரவேண்டும் என்பது அந்தக் கைக்குத் தெரியவில்லை.

"ஒனக்குத் தெரியாத வாழையா?" என்றார் வாத்தியார். கோபம் இல்லாமல் கேட்டதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. "ஆடி ஒண்ணாந்தேதி காலையில வருவேன். ஒவ்வொரு மரத்துலயும் நாலு நிக்கணும். அது வரைக்கும் ஒரு இலை அறுபடக் கூடாது. நின்னா குத்தக நிக்கும்."

இருந்தது முப்பத்தாறு நாள். வாழை ஒரு இலை விட எட்டு நாளாகும்; இளைத்த மரத்துக்கு இன்னும் கூட ஆகும். குத்தகை முறிந்தால் கொடுத்த மூவாயிரமும் போய், சங்கத்துக்கு ஆயிரத்து அறுநூறு கடன் மட்டும் மிஞ்சும். பாக்கியத்திடம் போய்ச் சொன்னாள். பாக்கியம் விரல் விட்டுத் தவணைகளை எண்ணினார். பிறகு, "தவணைய முறிச்சிராத," என்றார்.

வடிவம்மாள் பழைய கடைக்கே கூலிக்குப் போனாள்.

"ஏட்டி, குத்தகைக்காரி வந்துட்டா. நாற்காலி எடுத்துப் போடுங்க," என்றாள் இலை கட்டுகிற ஒருத்தி.

"நாற்காலி போட்டா மட்டும் உக்காந்திருவாளாக்கும்," என்றாள் இன்னொருத்தி.

அசன் மைதீன் கல்லாவிலிருந்து கையைக் காட்டி அவளைக் கூப்பிட்டார். வெற்றிலை போட்டுக்கொண்டே பேசுகிற ஆள். "வாத்தியார் வயலுக்கு நானும் போய்ப் பாத்தேன் புள்ள. மழிச்சி வச்சிருக்க."

"கை கேக்கல மொதலாளி."

"எப்படிக் கேக்கும்? பதினெட்டு வருசமா கட்டுக்குத்தான நான் கூலி குடுத்தேன். மரம் எங்கிட்ட கூலி கேக்கல, நானும் அதப் பத்திப் பேசல. இப்ப ஒங்கிட்ட கேக்கு." துப்பிவிட்டு வந்தார். "ஒண்ணு செய்யி. குத்தகைய எம் பேருக்கு மாத்திரு. வாத்தியார்ட்ட நான் பேசிக்கிடுதேன். ஒன் சங்கக் கடன நான் அடச்சிருதேன். நீ பழையபடி வா. கட்டுக்கு மூணேகால் தாரேன்."

கால் ரூபாய் கூடுதல். அவள் இடுப்பில் நாரைத் தேடினாள், இல்லை. முந்தானை நுனியை முடிந்து அவிழ்த்தாள். "யோசிச்சுச் சொல்லுதேன் மொதலாளி," என்றாள். வீட்டுக்கு நடக்கையில் எத்தனை முறை திரும்பிக் கடையைப் பார்த்தாள் என்று அவளே எண்ணியிருக்கிறாள்: மூன்று.

பதில் சொல்லவே இல்லை. காலையில் வயல், பகலில் கடை, சாயங்காலம் மறுபடி வயல். போய்ச் செய்ய ஒன்றுமில்லை. அண்ணாந்து குருத்தைப் பார்ப்பாள். நேற்றுப் பார்த்த குருத்து இன்றைக்கும் சுருட்டியபடியே நிற்கும்.

"இன்னும் விரியல," என்பாள் வீட்டுக்கு வந்து.

"நீ மொறச்சிப் பாத்தா வெக்கப்பட்டு விரியாதுளா," என்பார் பாபநாசம். "பதறாத காரியம் சிதறாதுன்னு சும்மாவா சொன்னாவ?"

"பழமொழிய இப்பச் சொல்லும். ஆறு கட்டு வந்த அன்னைக்கு, இன்னும் ரெண்டு அறுத்திருக்கலாமேன்னது யாரு?"

பாபநாசம் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

ஆனி பிறந்தது. மேற்கே மலையில் மழை; இங்கே அதன் காற்று மட்டும். காற்றில் வாழை இலை சீப்பு மாதிரி கிழியும். வாத்தியார் வீட்டு நடையில் போய் நின்று, "கிழிஞ்ச இலையும் இலைதானய்யா?" என்று கேட்டாள்.

"எண்ணிக்கைக்கு இலை," என்றார். "பந்திக்கு இல்ல."

அந்தப் பதில் அவளுக்கு ஒரு வேலையைக் கொடுத்தது. அரித்துக்கொண்டிருந்த கைக்கு அது போதும். ஆற்றங்கரைத் தோப்புகளில் விழுந்து கிடக்கும் தென்னோலைகளைக் கேட்டு வாங்கிச் சுமந்து வந்தாள். முடைந்து, கழி நட்டு, வயலின் மேற்கு ஓரம் முழுக்க ஆள் உயரத்துக்கு மேல் தட்டி கட்டினாள். ஒரு பெருங்காற்றில் பாதி சாய்ந்தது. மறுநாள் இரட்டைக் கழி போட்டுக் கட்டினாள். பாபநாசம் ஆலையிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் குழி தோண்டினார். மரத்தில் காய்ந்து தொங்கிய சருகையும் நாரையும் மட்டும் உரித்தாள். சருகு இலைக் கணக்கில் வராது. பூ கட்டுகிறவர்களுக்கு நாரும், பொட்டலம் மடிக்கச் சருகும் வேண்டும். பஸ் ஸ்டாண்டு பூக்கடைகளில் கொடுத்தாள். அதுவும் கூலியும் சேர்ந்து ஆனித் தவணை முறியாமல் நின்றது. அந்த வியாழக்கிழமை நோட்டில் அவள் பெயருக்கு நேரே தொகையை எழுதும்போது, முழுக்கச் சில்லறையாக இருந்த அதை நான் இரண்டு முறை எண்ணினேன். சரியாக இருந்தது.

ஆனி முடிய இரண்டு நாள் இருந்தது. நானூறு மரத்திலும் நாலு இலை வந்திருந்தது. நாலுதான், எந்த மரத்திலும் ஒன்று கூடுதலாக இல்லை. தட்டி மறைப்பில் இலைகள் கிழியாமல், எண்ணெய் தடவியது மாதிரி நின்றன.

அன்று காலை அசன் மைதீனே வண்டியில் வந்து இறங்கினார். மறுநாள் ஆனியின் கடைசி முகூர்த்தம். விட்டால் ஆவணி வரை கல்யாணம் கிடையாது. ஆற்றின் இரு கரையிலும் காற்று இலையைக் கிழித்துப் போட்டிருந்தது. பாபநாசமும் வயலில் இருந்தார்.

"ரெண்டு கட்டு போதும் புள்ள. மரத்துக்கு ஒண்ணு. கட்டு நானூத்தம்பது தாரேன்."

பாபநாசத்துக்குக் கணக்கு உடனே வந்துவிட்டது. "தொள்ளாயிரம்ளா. கடன்ல பாதிக்கு மேல ஒரே நாள்ல போயிரும். அன்னா பாரு, பாதி மரத்துல குருத்து விரியப் போவுது. ரெண்டு நாள்ல நாலாயிரும்."

"ஆவலேன்னா?" என்றாள் வடிவம்மாள்.

"வாத்தியார் கண்ணாடி போட்டவரு," என்றார் அசன் மைதீன். "மூணு, நாலாத் தெரியும்."

பாபநாசம் துரட்டியை எடுத்து அவளிடம் நீட்டினார். வாங்கினாள். வயலுக்குள் இறங்கினாள். முதல் வரிசையின் முதல் மரம். என்ன செய்வது என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. அது சத்தியம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஆனால் துரட்டி மேலே போனது. சரக்கென்று ஒரு சத்தம். இலை அவள் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. அதற்குள் கண் இரண்டாவது மரத்துக்குப் போயிருந்தது.

அங்கேயே நின்றாள். துரட்டியைக் கீழே போட்டாள். அறுத்த இலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஈர மண்ணில் சப்பணம் கூட்டி உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் இலைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

பாபநாசம் பதறி ஓடிவந்தார். "என்னளா, கையில பட்டுட்டா?"

"இல்ல."

"பெறவு ஏன் உக்காந்துட்ட?"

"நின்னா அறுத்திருவேன்," என்றாள். வரப்பைப் பார்த்துச் சொன்னாள்: "இல்ல மொதலாளி. வேற எங்கயாவது பாருங்க."

அசன் மைதீன் வெற்றிலையைத் துப்பினார். "அதுசரி," என்றார். வண்டியைக் கிளப்பிப் போனார். அந்தச் சத்தம் அடங்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

ஆடி ஒன்றாம் தேதி காலை வாத்தியார் குடையோடு வந்தார். நானூறு மரத்தையும் எண்ணினார், ஒன்றைக்கூட விடவில்லை. கிழக்கு மூலையில் தொடங்கினார். வடிவம்மாள் பின்னால் நடந்தாள், முன்னால் ஓடினாள், வரப்பில் ஏறி இறங்கினாள். "ஒரு எடத்துல நில்லு, எண்ணிக்க தப்புது," என்று ஒரு தடவை அதட்டினார். கடைசியாக அந்த வரிசைக்கு வந்தார். அவர் குடையைத் தூக்குமுன் அவள் சொல்லிவிட்டாள்.

"அய்யா, இதுல ஒண்ணு கொறயும். நான் அறுத்தேன்."

அவள் நம்பியிருந்த குருத்து அந்த மரத்தில் விரியவில்லை. அண்ணாந்து பார்த்தார். மூன்று.

"எதுக்கு அறுத்த?"

"கை போயிட்டு."

"எத்தனைக்கு வித்த?"

"விக்கல. வீட்ல இருக்கு. அதுல சோறு போட்டுத் திங்கக்கூட மனசு வரல."

வாத்தியார் குடையை ஊன்றிக்கொண்டு மேற்கு ஓரத்துத் தட்டியைப் பார்த்தார். இரட்டைக் கழி, நெருக்கமான முடிச்சு. பக்கத்து வயல்களின் கிழிந்த வாழையையும் பார்த்தார். அந்தச் சின்ன நேரத்தில் அவள் முந்தானை முடிச்சு ஏழு தடவை அவிழ்ந்து முடிந்தது.

"நானூறுக்கு முந்நூத்துத் தொண்ணுத்தொம்பது," என்றார் கடைசியில். "நூத்துக்கு எத்தன மார்க்கு தெரியுமா? தொண்ணுத்தொம்பதே முக்கால். முக்காலெல்லாம் நான் போடுதது இல்ல. தொண்ணுத்தொம்பதுன்னு வச்சுக்க."

அவளுக்குப் புரியவில்லை. "அப்ப குத்தகய்யா?"

"பாஸுதாம்மா. நிக்கி. ஐப்பசி வரைக்கும் வந்து எண்ணுவேன்."

அந்த ஆடி முழுக்க இலைக்கு விலை இல்லை. ஆவணியில் இருந்தது. மரத்தில் ஐந்தாவதாக நின்ற இலையை மட்டும் அறுத்தாள். வாரத்துக்கு ஒன்றரைக் கட்டு, சில வாரம் இரண்டு. புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு அன்னதானம் போடுகிறவர்கள் சின்ன இலை தேடுவார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டு கட்டைப் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு தானே போய் விற்று வந்தாள். திருச்செந்தூர் தாண்டி அவள் போனது அதுதான் முதல் தடவை. கடல் எப்படி இருந்தது என்று கேட்டேன். "அங்கன எங்க பாத்தேன், கட்டுமேலதான கண்ணு," என்றாள். ஆவணியிலேயே பேங்கிலிருந்து வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். முறிந்த தவணை ஒன்றும் இல்லை. சங்கத்துக்கு இருபதாயிரம் கொடுத்தார்கள். வடிவம்மாள் தன் பழைய கடனின் கடைசித் தவணையை அந்தத் தையில் கட்டினாள்.

இப்போது தொண்ணூற்றொன்பதாம் வருஷம் தை மாதம். வடிவம்மாளுக்கு வாத்தியார் வயலும் அதற்கு அடுத்த வயலும் இலைக் குத்தகையில் இருக்கின்றன; இரண்டும் சேர்ந்து எண்ணூற்றுச் சொச்சம் மரம். அசன் மைதீன்தான் இலை எடுக்கிறார். வீடு இன்னும் ஓலைதான். பாபநாசம் இடுப்புவலியால் மூட்டை தூக்குவதை விட்டுவிட்டுத் தட்டி கட்டுகிறார். பேங்குக் கடனில் அவள் பங்கு ஆயிரத்து இருநூறு பாக்கி. முகூர்த்த நாளில் இரண்டு பெண்களை இலை அறுக்க வைத்துக்கொள்கிறாள். அவர்களுக்குக் கட்டுக்கூலி இல்லை. நாள் கூலி முப்பத்தைந்து ரூபாய். வியாழக்கிழமைக் கூட்டத்தில் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.